உழைக்கும் கை ஓய்ந்தால்: நயினாதீவுத் தம்பதிகளும் நோய்க்காலச் சீவனமும்

நயினாதீவில் கணவனோ மனைவியோ கடும் நோயில் விழுந்து உழைப்பு நின்றுபோனால், அந்த வீட்டைத் தாங்கியவை காலத்துக்குக் காலம் வேறுபட்டன. மனைவியின் சீதனக் காணி, தாலிக்கொடி, கலியாணமாகாத மகனின் சம்பளம், கூட்டுறவுச் சங்கக் கடன், அரசின் மாதப்படி, வெளிநாட்டிலிருந்து வரும் காசு என்று அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. புதியது வந்ததும் பழையது மறைந்துவிடவில்லை. இன்றும் ஒரு வீட்டில் நோய் வந்தால் இவற்றில் மூன்று நான்காவது சேர்ந்தே அந்த வீட்டை நடத்துகின்றன. நோயால் இழந்த வருமானத்தை ஈடுசெய்யும் காப்புறுதி மட்டும் இந்தத் தீவின் மீனவருக்கோ கடைச் சிப்பந்திக்கோ கூலியாளுக்கோ எந்தக் காலத்திலும் கிடைத்ததில்லை. இலங்கையில் சிகிச்சை இலவசமாகி எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட நிலையில், இது அந்த நாட்டின் சமூகப் பாதுகாப்பில் மிகப் பெரிய ஓட்டை.

சிறிய தீவு என்பதால் ஓட்டை இங்கே பளிச்சென்று தெரிகிறது. நான்கு சதுர கிலோமீற்றரைச் சற்றே தாண்டும் நயினாதீவு, நிருவாகத்தில் வேலணைப் பிரதேச செயலகத்தைச் சேர்ந்தது. புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறித்தான் அங்கு போகவேண்டும். நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் அதை நாடறிந்த யாத்திரைத் தலமாக்கின. கடற்றொழில், பனை, யாத்திரிகரை நம்பிய படகோட்டமும் சிறு வியாபாரமும், வெளியூரில் கடை என்பவை தீவாரின் சீவனோபாயங்கள். இவற்றில் பெரும்பாலானவை அன்றன்று உழைத்து அன்றன்று பெறுபவை. தோட்டத்துறைத் தொழிலாளிக்கு இருப்பதுபோல ஒரு நிருவாகமோ தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இருப்பதுபோல ஒரு சம்பளப் பட்டியலோ இங்கே இல்லை. இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. பெரிய வைத்தியத்துக்கு யாழ்ப்பாணம் போகவேண்டும். படகும் பேருந்துமாக நோயாளியைத் தனியே அனுப்ப முடியாது. துணைக்கு ஒருவர் வேண்டும். அந்தத் துணை பெரும்பாலும் வாழ்க்கைத் துணைதான். ஆகவே தீவில் ஒருவருடைய நோய் இருவருடைய வேலையை நிறுத்துகிறது.

மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் நயினாதீவே என்று தீவாரும் ஆய்வாளர் சிலரும் கொள்வர். மணிமேகலை அமுதசுரபியைப் பெற்றது அந்த மணிபல்லவத்தில். அது பசித்தோருக்கு மட்டுமன்றி ஊனமுற்றோருக்கும் பிணியாளருக்கும் ஆதரவற்றோருக்கும் சோறிட்ட பாத்திரமாகக் காப்பியத்தில் வருகிறது. அதன் சோற்றால் முதலில் குணமடைந்தவள் காயசண்டிகை. தீராப் பசிநோயால் பன்னிரண்டு ஆண்டுகள் துன்புற்ற அவளைக் கணவன் காஞ்சனன் கைவிடாமல் வந்து பார்த்துப் போகிறான். அவனால் நோயைத் தீர்க்க முடியவில்லை. இன்று நயினாதீவில் யாத்திரிகருக்கு உணவிடும் அமுதசுரபி அன்னதான சபை அந்தப் பாத்திரத்தின் பெயரையே கொண்டிருக்கிறது. கோயில் சோறு ஒருநாள் பசியை ஆற்றும். மாதக்கணக்கில் படுத்திருப்பவரின் வீட்டுக்கு அது போதாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தீவில் கிடைத்த மிகப் பழைய ஆவணம் ஒன்றும் இழப்பைப் பற்றியே பேசுகிறது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பொறித்த தமிழ்க் கல்வெட்டு அது. ஊறாத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளுக்குக் காவல் தரவேண்டும் என்று சொல்லி, கரையில் உடையும் கப்பல்களின் கணக்கையும் அது வகுக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு கூறு பண்டாரத்துக்கு, மூன்று கூறு உடையவனுக்கு. மற்றச் சரக்கேற்றிய கப்பலானால் சரிபாதி. சரக்கின் இழப்பைப் பங்கிட அந்தக் காலத்திலேயே விதி இருந்தது. உழைப்பின் இழப்பைப் பங்கிட விதி செய்தது அரசல்ல, குடும்ப வழமை.

அந்த வழமையின் பெயர் தேசவழமை. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் அதை எழுத்தில் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் அதைப் பார்த்துச் சரியென்றனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தனர். சொத்துரிமைச் சட்டமாகவே இது படிக்கப்படுகிறது. ஆனால் நோய் வந்த வீட்டிலிருந்து பார்த்தால், வேறெந்தக் காப்பும் இல்லாத காலத்தில் குடும்பத்தைத் தாங்கிய ஏற்பாடாக இதைக் காணலாம்.

தேசவழமை குடும்பச் சொத்தை மூன்றாகப் பார்த்தது. கணவன் வழியில் வந்தது முதுசொம். மனைவி கொண்டுவந்தது சீதனம். கலியாணத்துக்குப் பின் இருவரும் சேர்ந்து தேடியது தேடியதேட்டம். யாழ்ப்பாணத்திலும் தீவுகளிலும் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணின் சீதனமாகப் போவதால், கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வளவிலேயே குடியிருப்பான். உழைக்கும் கணவன் படுத்தாலும் கூரை பறிபோகாது. அது அவளுடையது. அக்கா தங்கையருக்குத் தாய் வளவைப் பிரித்துச் சீதனம் கொடுப்பதால் சகோதரிகள் பக்கத்துப் பக்கத்து வளவுகளில் வாழ்ந்தனர். மனைவி நோயில் விழுந்தால் கணவன் கடலுக்கோ கொழும்புக்கோ போகலாம். வேலிக்கு அப்பால் பெரியம்மாவோ சின்னம்மாவோ இருப்பார். பணமாக எண்ணமுடியாத இந்த உதவியின் பெறுமதி, பின்னாளில் வந்த எந்த அரசுக் கொடுப்பனவையும்விடப் பெரிது.

ஆண்மக்கள் கலியாணத்துக்கு முன் தேடிய யாவும், அவர்கள் அணிந்திருந்த பொன் வெள்ளி ஆபரணங்கள் நீங்கலாக, பெற்றோரின் பொதுச்சொத்தில் சேரவேண்டும் என்பது தேசவழமையின் இன்னொரு விதி. பெற்றோரின் கடனைத் தீர்க்கும் பொறுப்பும் ஆண்மக்கள் மேலேயே விழுந்தது. தகப்பன் படுத்ததும் மூத்த மகன் பள்ளிக்கூடத்தை விட்டு உழைக்கப் போவது தீவு வாழ்க்கையில் பழகிப்போன செய்தி. அதற்குப் பின்னால் இந்தப் பழைய விதியின் நிழல் இருக்கிறது. தம்பதிக்குக் கிடைத்த ஆதரவின் விலையைப் பிள்ளையின் படிப்பு கொடுத்தது. இதை வழமையின் பெருமையாக மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது.

கையில் காசு தேவைப்பட்டபோது காணி ஒற்றிக்குப் போயிற்று. காசு கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைச்சலை அனுபவிப்பார். காசைத் திருப்பிக் கொடுத்தால் காணி மீளும். அறுதியாக விற்றால் போனது போனதுதான். ஒற்றியில் திரும்பிவரும் வழி திறந்திருந்தது. நோய் என்பது எப்போது தீரும் என்று சொல்லமுடியாத செலவு. அதற்கு ஒற்றி பொருந்திய கருவி. காணி கடைசியில் விற்கத்தான் வேண்டுமென்றால், உரித்தாளருக்கும் பங்காளருக்கும் முதலில் சொல்லவேண்டும் என்ற விதியும் இருந்தது. நொடித்த வீட்டின் காணி அந்நியர் கைக்குப் போகாமல் தடுப்பது அதன் நோக்கம். விலை குறைய அது காரணமானதும் உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இந்த முன்னுரிமையை வரையறுத்துச் சுருக்கியது.

மனைவியின் கையை இதே சட்டம் கட்டவும் செய்தது. தேடியதேட்டத்தின் நிருவாகி கணவனே. அதை விற்கவோ ஈடுவைக்கவோ அவனுக்கு அதிகாரம் இருந்தது. மனைவி தன் சொந்த அசையாச் சொத்தை விற்க வேண்டுமென்றால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைச் சட்டமும் இந்தச் சம்மத விதியை விட்டுவிடவில்லை. கணவன் சித்தசுவாதீனமற்றவனாக இருந்தாலோ, அவன் இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, சம்மதத்தை நியாயமின்றி மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்துச் சம்மதம் பெறலாம். சட்டப்படி வழி உண்டு. ஆனால் சித்தம் கலங்கிய கணவனைப் பராமரித்துக்கொண்டு, கடல் கடந்து யாழ்ப்பாணம் போய், அப்புக்காத்துக்குக் காசு கட்டி, தன் தாய் தந்த காணியை விற்க அனுமதி கேட்கும் ஒரு பெண்ணுக்கு அந்த வழி எவ்வளவு தூரமாக இருந்திருக்கும்!

ஆகவே முதலில் வீட்டை விட்டுப் போனது காணியல்ல, நகைதான். யாழ்ப்பாணத் தாலிக்கொடி பல பவுண் எடையுள்ளது. அதை ஈடுவைக்க நீதிமன்றமும் வேண்டாம், பிரசித்த நொத்தாரிசும் வேண்டாம். முன்பு வண்ணார்பண்ணைச் செட்டிமாரிடமும் ஊரில் வசதியானவரிடமும் ஈடுவைத்தனர். 1961இல் மக்கள் வங்கி உருவாகி அடகுத் தொழிலில் இறங்கியபின், வட்டி வீதம் எழுத்தில் தெரிந்தது. பற்றுச்சீட்டும் கிடைத்தது. 1964 முதல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கிராமிய வங்கிகளும் அடகு பிடித்தன. பெண்கள் தங்களுக்குள் நடத்திய சீட்டும், வட்டியில்லாக் கைமாற்றும் இதன் பக்கத்திலேயே ஓடின. சீட்டில் நோய்வந்த வீட்டுக்கு முந்திய தவணையை விட்டுக்கொடுப்பது மரியாதை. வைத்தியத்தைப் பொறுத்தவரை, செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய நூல்களின் மரபில் வந்த பரியாரிமார் தட்சணையைக் கண்டிப்பாகக் கேட்பவர்களாக இருக்கவில்லை. மருந்துச் செலவைவிட நின்றுபோன உழைப்பே வீட்டை அதிகம் உலுக்கியது. இந்த உண்மை பின்னர் இலவச வைத்தியசாலைகள் வந்தபோதும் மாறவில்லை.

காணியும் நகையும் உள்ளவருக்கே இவையெல்லாம் பயன்பட்டன. பிறர் காணியில் குடியிருந்தவர், பிறர் தோணியில் தொழிலுக்குப் போனவர், சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்டவர் ஆகியோருக்கு ஒற்றிவைக்கக் காணி ஏது? அவர்களுக்கு இருந்தது உறவும் இரப்பும் மட்டுமே. தேசவழமையின் காப்பைப் புகழும்போது இந்தப் பாதியை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தீவார் கொழும்புக்கும் தென்னிலங்கை, மலையக நகரங்களுக்கும் கடை வைக்கப் போயினர். புங்குடுதீவார் இதில் பேர்பெற்றவர்கள், நயினாதீவாரும் பின்தங்கவில்லை. முதலாளி சொந்தக்காரர், சிப்பந்தி ஊர்ப் பெடியன். மனைவி பிள்ளைகள் தீவில், காசு மாதாமாதம் தபாலில். கடையில் நின்றவர் நோயில் படுத்தால் முதலாளி பயணச்செலவு கொடுத்து ஊருக்கு அனுப்புவார். நல்ல முதலாளி சில மாதம் வீட்டுக்குக் காசும் அனுப்புவார். இதற்கு எழுத்து எதுவும் இல்லை. முதலாளியின் மனமே சட்டம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இதற்கு ஓர் அளவு வைத்தது. சொந்த அலுவலுக்கோ சுகவீனத்துக்கோ ஆண்டுக்கு ஏழு நாள் சம்பளத்துடன் லீவு. காய்ச்சலுக்கு ஏழு நாள் போதும். காசநோய்க்கு, ஈரல் நோய்க்கு, முடக்குவாதத்துக்கு எட்டாம் நாள் முதல் என்ன செய்வது என்று சட்டம் சொல்லவில்லை.

அதே காலத்தில் பிற நாடுகள் அந்த எட்டாம் நாளைப் பற்றி யோசித்திருந்தன. ஜேர்மனி 1883இலேயே தொழிலாளருக்கு நோய்க் காப்புறுதி கொண்டுவந்தது, பிரித்தானியா 1911இல். இந்தியாவின் 1948ஆம் ஆண்டு ஊழியர் அரசு காப்புறுதிச் சட்டம் நோயுற்ற தொழிலாளிக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியைக் கொடுக்கிறது. காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு இரண்டாண்டு வரை நீட்டித்த படியும் உண்டு. இலங்கை அந்த வழியில் போகவில்லை. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் வேலையில் ஏற்பட்ட விபத்துக்கும் வேலையால் வந்த நோய்க்கும் மட்டுமே. 1939ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் கொழும்பு, கண்டி, காலி மாநகர சபைகளோடு நின்றது. ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான சமூக சேவைகள் ஆணைக்குழு 1947இல் அறிக்கை கொடுத்தது. அடுத்த ஆண்டு சமூக சேவைகள் திணைக்களம் உருவானது. 1951இல் அரச வைத்தியசாலைக் கட்டணங்கள் நீக்கப்பட்டன. நோயாளியின் உடலை அரசு பொறுப்பேற்றது. நோயாளியின் அடுப்பைக் குடும்பத்திடமே விட்டது.

அடுப்புக்கு அரசு கொடுத்தவற்றில் பெரியது நோயைக் கேட்காமல் கொடுத்த அரிசி. 1942இல் போர்க்காலப் பங்கீடாகத் தொடங்கிய கூப்பன் அரிசி ஆளுக்கு இவ்வளவு என்று வந்தது. வீட்டுக்காரர் உழைக்கிறாரா படுத்திருக்கிறாரா என்று கூப்பன் கடை விசாரிக்காது. 1979இல் அது வருமான வரம்புள்ள உணவு முத்திரையாக மாறி, விலைவாசி ஏற ஏற மதிப்பிழந்தது. பங்கீட்டு அரிசியைச் சமூகப் பாதுகாப்பு வரலாற்றில் ஓர் உணவுக் கொள்கையாகவே எழுதுகிறார்கள். உழைப்பவர் படுத்த வீடுகளுக்கு அது மிக நம்பகமான நோய்க்காலப் படியாகவும் இருந்தது.

இதற்கு அப்பால் சமூக சேவைகள் திணைக்களம் வழங்கிய பொதுசன மாதாந்த உதவிப்பணம் இருந்தது. ஊரார் அதைப் பிச்சைச் சம்பளம் என்றனர். விதானையாரின், பின்னர் கிராம சேவையாளரின், சிபாரிசில் முதியோர், விதவைகள், வலுவிழந்தோர் அதைப் பெற்றனர். தொகை மிகச் சிறிது. இங்கே ஒரு முரண்பாடு உண்டு: கணவன் இறந்தால் மனைவி விதவை என்ற வகைக்குள் வருவாள். கணவன் உயிரோடு படுக்கையில் கிடந்தால், உழைப்பாளி உள்ள வீடு என்ற கணக்கிலேயே பார்க்கப்படும் அபாயம் இருந்தது. ஊர்களில் பெருகிய மரண சகாய நிதிச் சங்கங்களும் இதே தர்க்கத்தில் இயங்கின. செத்தவீட்டுச் செலவுக்குச் சங்கம் உண்டு. சாவதற்கு முந்திய இரண்டு வருடத்துக்குச் சங்கம் இல்லை.

விதிவிலக்காக இரண்டு நோய்கள் இருந்தன. காசநோய்க்கு அன்று மாதக்கணக்கில் வைத்தியசாலை வாசம் தேவைப்பட்டது. வடக்கில் காங்கேசன்துறைச் சனத்தோரியம் அதற்கு இருந்தது. குடும்பம் பட்டினி என்று தெரிந்தால் நோயாளி பாதியில் எழுந்து வேலைக்குப் போவான். நோய் முற்றும், பிறருக்கும் பரவும். ஆகவே காசநோயாளரின் குடும்பத்துக்கு மாதப்படி கொடுப்பது சுகாதாரத் தேவையாகவே கருதப்பட்டது. தொழுநோயில் நிலைமை கொடியது. 1901ஆம் ஆண்டுச் சட்டம் தொழுநோயாளரைப் பிரித்து வைக்க அதிகாரம் கொடுத்தது. ஒல்லாந்தர் காலத்து எந்தலை வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு மாந்தீவுக்கோ போனவர் திரும்பி வருவது அரிது. தம்பதி பிரிந்தனர், உழைப்பும் போயிற்று. இவ்விரு நோய்களுக்கும் உரிய உதவித்தொகைகள், புற்றுநோயாளருக்கானதும் சேர்ந்து, பின்னர் சமூக சேவைத் திணைக்களங்களின் வழமையான கொடுப்பனவுகளாயின. 1987இன் 13ஆவது திருத்தத்தோடு சமூக சேவை மாகாண சபைகளின் பொறுப்புக்குள்ளும் வந்தது.

அரசாங்க உத்தியோகம் பார்த்தவரின் வீடு மட்டும் வேறு உலகம். ஆசிரியரோ எழுதுவினைஞரோ ஆண்டுதோறும் சம்பளத்துடன் லீவு, அதன்பின் அரைச்சம்பள லீவு, வைத்தியச் சபை தகுதியற்றவர் என்று தீர்மானித்தால் ஓய்வூதியம் என்று படிப்படியாகக் காப்புப் பெற்றனர். 1898ஆம் ஆண்டின் விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய நிதி உத்தியோகத்தனின் மனைவிக்கு அவன் காலத்துக்குப் பின்னும் சீவனம் கொடுத்தது. உத்தியோகத்தியின் கணவனுக்கு அதே உரிமை 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் வந்தது. இடையில் 85 ஆண்டுகள். மனைவியின் சம்பளத்திலும் வீடு நடக்கலாம் என்பதை ஏற்க அரசுக்கு அவ்வளவு காலம் பிடித்தது. தீவுப் பெற்றோர் அரசாங்க மாப்பிள்ளைக்குச் சீதனத்தைக் கூட்டிக் கொடுத்ததை வெறும் பகட்டு என்று பலர் கண்டித்தனர். அந்தச் சீதனத்தில் ஒரு பகுதி நோய்க்காலக் காப்புக்குக் கட்டிய முன்பணம் என்பதையும் கண்டிப்பவர் எண்ணவேண்டும்.

உத்தியோகமில்லாதோர் தாமே கட்ட முயன்றது கூட்டுறவு. கடன் கூட்டுறவுச் சங்கங்களுக்கான சட்டம் 1911இல் வந்தபின் யாழ்ப்பாணக் குடாநாடு அதில் முன்னணியில் நின்றது. சிக்கனக் கடனுதவிச் சங்கங்கள் அங்கத்தவரின் சேமிப்பிலிருந்தே நோய்ச் செலவுக்கும் கடன் கொடுத்தன. 1930களில் எழுந்த மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலை, ஊரார் பங்குபோட்டு வைத்தியசாலையே நடத்தலாம் என்று காட்டியது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வலை, இயந்திரக் கடனோடு அங்கத்தவரின் ஆபத்துக்கும் கைகொடுத்தன. கடனில் உள்ள குறை, அது திருப்பிக் கட்டவேண்டியது. உழைக்க முடியாதவர் உழைத்துத் தீர்க்கவேண்டிய கடனாக அது மாறும்போது பிணைநின்ற அயலவர் அவதிப்பட்டனர்.

அரசு கடைசியில் மீனவரையும் எண்ணியது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதி, 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கை நிதியம் இரண்டும் சம்பளக்காரருக்கானவை. நிரந்தரமாக வேலைசெய்ய இயலாது என்று வைத்தியர் சான்று தந்தால் சேமலாப நிதியை முன்கூட்டியே எடுக்கலாம். தோணிக்காரருக்கு அதில் இடமில்லை. விவசாயிகளுக்கு 1987இலும் கடற்றொழிலாளருக்கு 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தாலும் ஓய்வூதியத் திட்டங்கள் வந்தன. இளமையில் தவணைப்பணம் கட்டினால் 60 வயதில் ஓய்வூதியம், இடையில் நிரந்தர ஊனம் நேர்ந்தால் நட்டஈடு. ஆறு மாதம் படுத்து எழும்பும் நோய்க்கு அதிலும் ஒன்றுமில்லை. அந்த 1990ஆம் ஆண்டு ஜூனிலேயே வடக்கில் போர் மீண்டும் மூண்டது. தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வடபகுதிக் கடலில் தொழிலுக்குத் தடையும் கட்டுப்பாடும் வந்தன. கடலுக்கே போகமுடியாதவர் எந்த வருமானத்தில் தவணை கட்டுவது? சுகதேகியும் நோயாளியும் ஒரே நிவாரண வரிசையில் நின்ற காலம் அது. 1995இல் தொடங்கிய சமுர்த்தி வறுமை ஒழிப்புத் திட்டத்தில் வைத்தியசாலையில் தங்கும் நாட்களுக்குச் சிறு கொடுப்பனவு இருந்தது. அந்தத் திட்டமும் வடக்குக்குப் பிந்தியே வந்தது.

1958, 1977, 1983 வன்செயல்களில் தென்னிலங்கைக் கடைகள் எரிந்தபின் தீவாரின் காசு வரும் வழி மாறியது. இலண்டன், பாரிஸ், சுவிஸ், ரொறன்ரோ என்று பிள்ளைகள் போயினர். மூத்த மகனின் சம்பளம் பெற்றோரின் பொதுச்சொத்து என்ற பழைய எண்ணம் உண்டியல்காரர் மூலம் கடல்கடந்தும் தொடர்ந்தது. ஊர்ச் சங்கங்கள் புலம்பெயர் நகரங்களில் எழுந்து, நோயாளருக்கென்று பணம் சேர்த்து அனுப்பின. வெளிநாட்டில் ஆளில்லாத வீடு இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிறது. முன்பு காணியில்லாதவர் நின்ற இடம் அதுதான்.

போன இடங்களில் அவர்களே நோயுற்றபோது வேறுவகை ஏற்பாட்டைக் கண்டனர். கனடாவில் வேலைக் காப்புறுதியின் சுகவீனப்படி 1971 முதல் 15 வாரம் வரை கிடைத்தது. 2022 டிசம்பரில் அது 26 வாரமாகியது. முன்னைய சம்பளத்தில் 55 வீதம், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு. வேலையை விட்டுத் துணையைப் பராமரிப்பவருக்கும் 2004 முதல் படி உண்டு. தொடக்கத்தில் இறக்கும் தறுவாயிலுள்ளவரைப் பார்ப்போருக்கு, 2017 முதல் கடும் நோயுற்றவரைப் பார்ப்போருக்கும். பிரித்தானியா 1976இலேயே பராமரிப்போருக்குப் படி கொடுத்தது. ஆனால் கணவனோடு வாழும் மனைவிக்கு அது மறுக்கப்பட்டது. வீட்டிலிருந்து பார்ப்பது அவள் கடமைதானே என்பது அரசின் எண்ணம். ஜாக்குலின் டிரேக் என்ற பெண் ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்று 1986இல் அந்த விலக்கை நீக்கவைத்தார். நோயாளி பிழைத்தாலும் அவர் வீடு நொடிந்துபோவதைக் கண்ட தென்னாபிரிக்க இருதய சத்திரசிகிச்சை நிபுணர் மரியஸ் பார்னார்ட், நோய் உறுதியானதுமே ஒருதொகைப் பணம் தரும் கடும்நோய்க் காப்புறுதியை 1983இல் அறிமுகப்படுத்தினார். அது இன்று இலங்கையிலும் விற்கிறது. மாதம் தவறாத வருமானம் உள்ளவருக்கே அந்தத் தவணை கட்டுப்படியாகும்.

தீவில் இன்றைய நிலை இது. உள்ளூர் வைத்தியசாலை இருக்கிறது. பெரிய வருத்தங்களுக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. புற்றுநோயாளர் முன்பு மகரகமவுக்கே போகவேண்டியிருந்தது. 2011இல் நாட்டின் தெற்கு முனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பணத்தில் கட்டப்பட்ட தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறந்தபின் அந்த அலைச்சல் குறைந்தது. ஆனாலும் நயினாதீவிலிருந்து தெல்லிப்பழைக்குப் போய் மருந்தேற்றித் திரும்ப ஒரு பகல் முழுவதும் போய்விடும். சத்திரசிகிச்சைச் செலவுக்கு 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சனாதிபதி நிதியம் உதவும். அது சிகிச்சைக்கான காசு, அரிசிக்கானதல்ல.

2023 ஜூலையில் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு வந்த அஸ்வெசும, குடும்பங்களை வறுமையின் அளவுக்கேற்ப வகுத்து, மாதம் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை நான்கு படிகளில் கொடுக்கத் தொடங்கியது. மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளருக்கும் தனியே 5,000 ரூபா. 2024 ஜனவரியில் அது 7,500 ரூபாவாக்கப்பட்டது. சிறுநீரக நோய் இப்படித் தனித்துக் கணக்கெடுக்கப்பட்டது வடமத்திய மாகாணத்தில் அந்நோய் பரவியதன் விளைவு. பக்கவாதத்தில் கை கால் விழுந்த மீனவர் மாற்றுத்திறனாளி என்ற வகைக்குள் போய்ச் சேரலாம். இருதய நோயால் பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லப்பட்டவர், மருந்தேற்றத்துக்கு இடையிடையே எழுந்து நடமாடும் புற்றுநோயாளர் ஆகியோர் எந்தப் பெட்டிக்குள் பொருந்துவர் என்பது பிரதேச செயலகத்தின் முடிவு. கணவனைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் மனைவி அன்று இழந்த கூலிக்கு இந்தத் திட்டங்கள் எதிலும் தனி நிரல் கிடையாது. அந்தக் கூலியைச் சமூகப் பாதுகாப்பின் கணக்கில் சேர்ப்பதே இலங்கையில் அடுத்து நடக்கவேண்டிய சீர்திருத்தம். அதுவரை நயினாதீவில் அதைச் சுமப்பது, 1707இல் ஐசாக்ஸ் எழுதிவைத்த அதே குடும்பம்தான்.